ரோமானிய வரலாற்றை எந்த நூல்களிலிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். பொறியியல் படித்துவிட்டு வேலையில் இருக்கிறீர்கள். ரோமானியப் பேரரசைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களையும் காணொளிகளையும் பார்த்து ஆர்வம் பிறந்திருக்கிறது. எட்வர்ட் கிப்பனின் 'ரோமானியப் பேரரசின் தேய்வும் வீழ்ச்சியும்' என்ற பெருநூலை வாங்கி நூறு பக்கம் படித்து அப்படியே நின்றுவிட்டீர்கள். ரோமின் வரலாற்றை மட்டுமல்லாமல் அங்கே சாதாரண மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் முறையாக அறிய எந்த நூல்களை, எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் இந்தப் பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் முதல் இரண்டு நூல்களைச் சரியாகத் தேர்ந்தெடுப்பவர் பிறகு தானாகவே வழி கண்டுகொள்வார் என்பதையும், தவறாகத் தேர்ந்தெடுப்பவர் தனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடுவார் என்பதையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கிப்பன். நீங்கள் நின்றுபோனது உங்கள் குறையால் அல்ல. அந்த நூலின் முதல் தொகுதி 1776இலும் கடைசித் தொகுதிகள் 1788இலும் வெளிவந்தன. அது தொடங்கும் இடமே கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. குடியரசுக் காலத்துப் போராட்டங்கள், வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜுடன் நடந்த போர்கள், நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த கிராக்கஸ் சகோதரர்கள், சீசர் ஆகியவற்றை எல்லாம் படிப்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் அவர் எழுதுகிறார். அவருடைய முதல் தொகுதி வந்தபோது, எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரின் அகழ்வு தொடங்கி முப்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. லத்தீன் கல்வெட்டுகளை முறைப்படி திரட்டும் பெருந்தொகுப்புப் பணி அதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து, 1853இல், தியோடோர் மொம்சென் தலைமையில்தான் பெர்லினில் தொடங்கியது. ஆகவே ஒரு மாபெரும் உரைநடைக் கலைஞரைப் படிப்பதாக எண்ணிக் கிப்பனைப் பின்னால் படிக்கலாம். ரோமை அறிந்துகொள்வதற்கு அவர் முதல் வாசலாக முடியாது. மொம்செனின் 'ரோமானிய வரலாறு' நூலுக்கும் இதையே சொல்வேன். அதற்காக அவருக்கு 1902இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசே கிடைத்தது என்றாலும், அது 1850களின் ஜெர்மன் அரசியல் மனநிலையோடு எழுதப்பட்ட நூல்.

அப்படியானால் ஒரு நூல் நல்லதா என்று எப்படிக் கண்டுகொள்வது? புத்தகக் கடையில் நின்றபடியே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவில் பேரரசன் நீரோவைத் தேடி, கி.பி. 64இல் ரோமில் நடந்த பெருந்தீயைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். நகரம் எரிந்தபோது நீரோ பாடிக்கொண்டிருந்தான் என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தீ நடந்தபோது சிறுவனாக இருந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் என்ன சொல்கிறார்? தீப்பிடித்தபோது நீரோ அன்டியம் என்ற கடலோர ஊரில் இருந்தான், பிறகு திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான், தானியத்தின் விலையைக் குறைத்தான், ஆனாலும் நகரம் எரியும்போது அவன் மேடையேறி ட்ராய் நகரின் அழிவைப் பாடினான் என்ற வதந்தி பரவிவிட்டது என்கிறார். அதே செய்தியை, பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய சூட்டோனியஸ் வதந்தி என்று சொல்லாமல் நடந்ததாகவே எழுதுகிறார். இந்த வேறுபாட்டைச் சொல்லி, நமக்கு இது யார் வழியாகத் தெரிகிறது என்று ஒரு வரியாவது காட்டும் நூலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீரோ பாடினான் என்று மட்டும் எழுதி அடுத்த கேளிக்கைக்குத் தாவும் நூலை, அட்டை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நீங்கள் நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒன்றுதான்: ஆசிரியர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வதோடு, அது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்கிறாரா?

அந்தச் சோதனையில் நன்றாகத் தேறும் பொது நூல் மேரி பியர்ட் 2015இல் வெளியிட்ட 'எஸ்.பி.க்யூ.ஆர்.' ஆகும். தலைப்பில் உள்ள நான்கு எழுத்துகளும் 'ரோமின் செனட்டும் மக்களும்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டையரிடமிருந்து கதையைத் தொடங்காமல், கி.மு. 63இல் கான்சலாக, அதாவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு தலைமை ஆட்சியாளர்களில் ஒருவராக, இருந்த சிசரோவுக்கும் கலகம் செய்யத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட காட்டிலினாவுக்கும் நடந்த மோதலிலிருந்து அவர் தொடங்குகிறார். அதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளில்தான் முதன்முறையாக நம்மிடம் அன்றாட அளவில் சான்றுகள் கிடைக்கின்றன: சிசரோவின் உரைகள், சல்லஸ்ட் எழுதிய தனி நூல், சிசரோவே எழுதியும் பெற்றும் நமக்கு எஞ்சியுள்ள 900க்கும் மேற்பட்ட கடிதங்கள். அவ்வளவு வெளிச்சமுள்ள இடத்தில் நின்று பழகிக்கொண்ட பிறகே இருட்டான தொடக்க காலத்துக்கு வாசகரை அழைத்துச் செல்கிறார். நூல் கி.பி. 212இல், பேரரசர் கராகல்லா, பேரரசில் இருந்த சுதந்திர மனிதர் அனைவருக்கும் ரோமானியக் குடியுரிமை வழங்கியதோடு முடிகிறது. யார் ரோமானியர் என்ற கேள்வியே நூலின் உள்ளிழை என்பதால் அந்த முடிவு பொருத்தமானது.

ஆனால் இந்த நூலில் ஒரு குறையும் உண்டு. காலவரிசை முன்னும் பின்னுமாகத் தாவுவதால், ரோமின்மேல் படையெடுத்தவர்களில் கார்த்தேஜ் தளபதி ஹானிபாலுக்கு முன் கிரேக்க மன்னன் பிர்ரஸ் வந்தானா, பின் வந்தானா என்பது புதிதாகப் படிப்பவருக்குக் குழம்பிப் போகும். இதற்குத் துணையாக, பரபரப்பில்லாத பாடநூல் ஒன்று மேசையில் இருக்க வேண்டும். போட்ரைட், கார்கோலா, டால்பர்ட் ஆகிய மூவர் சேர்ந்து எழுதிய, 2004இல் முதலில் வெளிவந்த 'ரோமானியர்: சிற்றூரிலிருந்து பேரரசு வரை' என்ற நூலைப் பரிந்துரைக்கிறேன்; டால்பர்ட் பண்டைய உலக நிலப்படவியலில் பெயர் பெற்றவர் என்பதால் அதன் நிலப்படங்களுக்கு நான் தனி மதிப்புக் கொடுப்பேன். நிலப்படமில்லாத ரோமானிய வரலாற்று நூலை வாங்கவே வாங்காதீர்கள். படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டில் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள்: மரபுப்படி குடியரசு பிறந்த கி.மு. 509, கார்த்தேஜுடனான போர்கள் நடந்த 264 முதல் 146 வரை, டைபீரியஸ் கிராக்கஸ் கொல்லப்பட்ட 133, சீசர் கொல்லப்பட்ட 44, ஆக்டியம் போர் நடந்த 31. இந்த எலும்புக்கூடு மனத்தில் நின்றுவிட்டால் மற்ற நூல்கள் எல்லாம் அதன்மேல் தசையாக வளரும்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். நவீன நூல்களை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில், தகுதி வந்த பிறகு, பண்டைய ஆசிரியர்களைப் படிக்கலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். முதல் மாதத்திலேயே ரோமானிய வரலாற்றாசிரியர்களான லிவியும் டாசிட்டஸும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நவீன நூல் ஒரு நிகழ்வைச் சொல்லும் அதே வாரத்தில் அதன் மூலத்தைப் பத்துப் பக்கம் படித்தால் போதும், இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். லிவி எழுதிய 142 பாகங்களில் 35 மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கின்றன; முதல் ஐந்து பாகங்களைத் தனி நூலாக வாங்கிப் படியுங்கள், ஆனால் அவர் தமக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு நடந்ததை, முதல் பேரரசரான அகஸ்டஸின் காலத்தில் உட்கார்ந்து எழுதுகிறார் என்பதை மறவாமல் படியுங்கள். பொலிபியஸ் கிரேக்கர், கி.மு. 167இல் பணயக் கைதியாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட ஆயிரம் அக்கேயர்களில் ஒருவர்; தம் நாட்டை வென்றவர்கள் எப்படி வென்றார்கள் என்று புரிந்துகொள்ளத் துடித்த மனிதர். ரோமானிய அரசமைப்பையும் படையமைப்பையும் பற்றிய அவருடைய ஆறாம் பாகத்தை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். சூட்டோனியஸின் பன்னிரு சீசர்கள் வரலாறு சுவையானது, எளிது. அதனாலேயே அதைத் தனியாகப் படிக்க வேண்டாம், டாசிட்டஸோடு சேர்த்துப் படியுங்கள்.

பண்டைய ஆசிரியர்களை ஏன் நம்பியும் நம்பாமலும் படிக்க வேண்டும் என்பதற்கு என் வகுப்புகளில் நான் எப்போதும் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒன்று உண்டு. கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ், 'கால்' (Gaul) என்ற, இன்றைய பிரான்சை ஒட்டிய நாட்டின் பெருங்குடி மக்களையும் செனட்டில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று செனட்டில் பேசினார். அந்தப் பேச்சை டாசிட்டஸ் தமது 'ஆனல்ஸ்' நூலின் பதினோராம் பாகத்தில் தருகிறார்: கச்சிதமான, கூர்மையான, ஒவ்வொரு வாதமும் அடுத்ததைத் தாங்கி நிற்கும் பேச்சு. ஆனால் அதே பேச்சு வெண்கலப் பலகை ஒன்றில் பொறிக்கப்பட்டு, 1528இல் பிரான்சின் லியோன் நகரில் கிடைத்தது. மேற்பகுதி உடைந்திருந்தாலும் பெரும்பகுதி படிக்கும்படி இருக்கிறது. அதில் பேசும் கிளாடியஸ் வேறொருவர். ரோமின் பழைய மன்னர்களின் வரலாற்றுக்குள் நுழைகிறார். செர்வியஸ் டுல்லியஸ் என்ற மன்னரை, ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ரஸ்கர்கள் மஸ்தார்னா என்று அழைத்தார்கள் என்று ஆராய்ச்சிக் குறிப்புச் சொல்கிறார். பேச்சின் நடுவே தம்மையே பெயர் சொல்லி அழைத்து, உன் பேச்சு எங்கே போகிறது என்பதைச் செனட்டர்களுக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்கிறார். வெளியாரைச் சேர்த்துக்கொள்வதே ரோமின் மரபு என்ற மையக் கருத்து இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே டாசிட்டஸ் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தந்திருப்பது கிளாடியஸின் சொற்களை அல்ல. இந்த இரண்டையும் ஒரு மாலையில் அருகருகே வைத்துப் படித்தவருக்கு, பண்டைய வரலாற்றாசிரியர்களின் நூல்களில் வரும் பேச்சுகளை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அதன் பிறகு யாரும் விளக்காமலே புரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பதிப்புரிமை முடிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்புகளே பெரும்பாலும். அவற்றின் பழைய ஆங்கிலத்தில் திணறி, டாசிட்டஸே கடினமானவர் என்று நினைத்துவிடுவீர்கள். பெங்குயின் வரிசையிலோ ஆக்ஸ்ஃபோர்ட் உலக இலக்கிய வரிசையிலோ வந்த பிற்கால மொழிபெயர்ப்பை, பழைய புத்தகக் கடையிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமுமாக வரும் லோப் வரிசை, கிரேக்கத்துக்குப் பச்சை அட்டையும் லத்தீனுக்குச் சிவப்பு அட்டையுமாக, 1912 முதல் வந்துகொண்டிருக்கிறது. லத்தீன் கற்கும் எண்ணம் வந்தால் அன்றி அதற்குச் செலவு செய்யத் தேவையில்லை, நூலகத்தில் பார்த்தால் போதும். எந்தப் பதிப்பை வாங்கினாலும் பாகம், பத்தி எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத பதிப்பில், நவீன நூலின் அடிக்குறிப்பு சுட்டும் இடத்தை உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

இனி சமூகம். உங்கள் கேள்வியின் இந்தப் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்த பாதி. பேரரசின் சமூக அமைப்பையும் பொருளாதாரத்தையும் ஒருசேரக் காட்டும் நூல் பீட்டர் கார்ன்சியும் ரிச்சர்ட் சாலரும் 1987இல் எழுதிய 'ரோமானியப் பேரரசு: பொருளாதாரம், சமூகம், பண்பாடு'. சிறிய நூல்தான், ஆனால் அடர்த்தியானது. ஒரு நாளைக்கு ஓர் இயலுக்கு மேல் படிக்க முயலாதீர்கள். வேளாண்மையே அடிப்படையான ஒரு சமூகம் எப்படி இவ்வளவு பெரிய நகரங்களுக்குச் சோறு போட்டது, சில நூறு அதிகாரிகளை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை மாகாணங்களை எப்படி ஆண்டது, புரவலருக்கும் அவரை அண்டி வாழ்ந்தவருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் எப்படி அரசின் வேலையையே பாதி செய்தது என்பதை அவர்கள் விளக்குவதைப் போல வேறு யாரும் இவ்வளவு குறைந்த பக்கங்களில் விளக்கியதில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த நூல்களைப் படிக்கும்போது சில சொற்களைத் தமிழாக்கி மனத்தில் வைத்துக்கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். 'ஃபமிலியா' என்ற லத்தீன் சொல்லைக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டால் பாதிப் பொருள் போய்விடும். அந்த வீட்டின் அடிமைகளும் அதில் அடங்குவர். சில இடங்களில் அடிமைகளை மட்டுமே குறிக்கவும் அந்தச் சொல் வரும். அதேபோல அகஸ்டஸ் தம்மை 'பிரின்கெப்ஸ்', அதாவது முதன்மைக் குடிமகன் என்று அழைத்துக்கொண்டாரே தவிர மன்னர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. நாம் பேரரசர் என்று மொழிபெயர்த்துவிட்டால் அவர் எதை மறைக்கப் பாடுபட்டாரோ அது நம் கண்ணுக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது, அவருடைய சாமர்த்தியம் தெரியாமல் போய்விடுகிறது. முக்கியமான இருபது முப்பது சொற்களை லத்தீன் வடிவிலேயே எழுதி, ஒவ்வொரு நூலிலும் அவை எப்படி வருகின்றன என்று குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அடிமை முறையைப் பற்றிப் படிக்காமல் ரோமானியச் சமூகத்தைப் பற்றி எதையும் படித்ததாகச் சொல்ல முடியாது. மூத்த கேட்டோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய வேளாண்மை நூலில், பண்ணை முதலாளி விற்றுத் தள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லும்போது, கிழட்டு எருது, பழைய வண்டி, பழைய இரும்புக் கருவிகள் ஆகியவற்றோடு வயதான அடிமை, நோயாளி அடிமை என்று அதே மூச்சில் எழுதிச் செல்கிறார். அதில் கோபமோ வெறுப்போ எதுவும் இல்லை, வெறும் சிக்கனக் குறிப்பு. அதைவிட என்னை ஆழமாகப் பாதித்தது டாசிட்டஸின் பதினான்காம் பாகத்தில் வரும் ஒரு நிகழ்வு. கி.பி. 61இல் ரோம் நகரின் தலைமை அதிகாரியான பெடானியஸ் செகுண்டஸைத் தன் வீட்டு அடிமை ஒருவனே கொன்றுவிட்டான். பழைய மரபின்படி அதே கூரையின்கீழ் இருந்த அடிமைகள் அனைவரும் சாக வேண்டும். அவர்கள் 400 பேர். பெண்களும் குழந்தைகளும் உட்பட. நகரத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். செனட்டிலேயே தயங்கியவர்கள் இருந்தார்கள். சட்ட அறிஞர் காசியஸ் எழுந்து, பயம் ஒன்றாலேயே இவர்களைக் கட்டுப்படுத்த முடியும் என்று வாதாடினார். அவர் கருத்தே வென்றது. கற்களோடும் தீப்பந்தங்களோடும் வழிமறித்த கூட்டத்தைத் தடுக்க நீரோ வழிநெடுக வீரர்களை நிறுத்தினான். 400 பேரும் கொல்லப்பட்டார்கள். அந்த நான்கு பத்திகளில் சட்டம், அச்சம், தெருவில் நின்ற எளிய மக்களின் மனச்சாட்சி மூன்றும் இருக்கின்றன. முதலில் அவற்றைப் படித்துவிட்டு, பிறகு கீத் ஹாப்கின்ஸ் 1978இல் வெளியிட்ட 'வென்றோரும் அடிமைகளும்' நூலை எடுங்கள்.

ஹாப்கின்ஸ் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். போர்களில் இத்தாலிய உழவர்கள் ஆண்டுக்கணக்காக வெளியே இருந்தார்கள், அவர்களின் நிலங்களைச் செல்வர்கள் வாங்கினார்கள், போரில் பிடித்த அடிமைகளைக் கொண்டு உழுதார்கள், நிலமிழந்தவர்கள் ரோமுக்கு வந்து குவிந்தார்கள் என்று ஒரு முழுச் சங்கிலியை அவர் கட்டுகிறார். டைபீரியஸ் கிராக்கஸ், எட்ரஸ்கர்களின் நாடான எட்ரூரியா வழியாகப் பயணம் செய்தபோது நிலத்தில் சுதந்திர உழவர் இல்லாததைக் கண்டார் என்று கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் சொல்வதோடு இது நன்கு பொருந்துகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் உள்ள பிரிட்டிஷ் ஆய்வுப் பள்ளி தெற்கு எட்ரூரியாவில் வயல் வயலாக நடந்து மேற்பரப்பு ஆய்வு செய்தபோது, சிறு பண்ணைகள் பல தொடர்ந்து இருந்ததற்கான தடயங்கள் கிடைத்தன. 2004இல் நேதன் ரோசன்ஸ்டீன், படைச் சேவையும் சிறு விவசாயமும் ஒன்றோடொன்று ஒத்துப்போனவையே என்று ஒரு முழு நூலே எழுதி வாதாடினார். ஹாப்கின்ஸைப் படிப்பவர் ரோசன்ஸ்டீனையும் படிக்க வேண்டும். கட்டியெழுப்பப்பட்ட மாதிரி எவ்வளவு அழகானது, அதை மண்ணில் கிடைத்த ஓடுகள் எப்படி அசைக்கின்றன என்பதைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஜோடி நூல்கள் எனக்குத் தெரியாது.

செல்வரும் செனட்டரும் எழுதாத குரல்களைக் கேட்க, சான்றுத் திரட்டு நூல்கள் வேண்டும். ஜோ-ஆன் ஷெல்ட்டன் தொகுத்த 'ரோமானியர் செய்தபடி' என்ற நூலின் ஆங்கிலம் எளிது. கடிதம், கல்வெட்டு, ஒப்பந்தம், சுவர்க் கிறுக்கல் எல்லாவற்றையும் தலைப்பு வாரியாகத் தந்து முன்குறிப்பும் எழுதியிருக்கிறார். பெண்களைப் பற்றி லெஃப்கோவிட்சும் ஃபான்ட்டும் சேர்ந்து தொகுத்தது இருக்கிறது. இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் இடம்பெறும் ஒரு கல்லறைக் கல்வெட்டை என்னால் இயன்ற தமிழில் தருகிறேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 'வழிப்போக்கரே, நான் சொல்வது சிறிது. நின்று படித்துச் செல்லும். அழகிய ஒருத்தியின் அழகில்லாக் கல்லறை இது. பெற்றோர் இட்ட பெயர் கிளாடியா. தன் கணவனை நெஞ்சார நேசித்தாள். பிள்ளைகள் இருவரைப் பெற்றாள். ஒருவனை மண்மேல் விட்டுச் செல்கிறாள், ஒருவனை மண்ணுக்குள் இட்டாள். இனிய பேச்சு, நல்ல நடை. வீட்டைக் காத்தாள். கம்பளி நூற்றாள். சொல்லிவிட்டேன். போய் வாரும்.' இதில் ஒரு பெண்ணின் வாழ்வும் இருக்கிறது, ஒரு பெண் எதற்காகப் போற்றப்பட வேண்டும் என்று ஆண்கள் வகுத்த இலக்கணமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்பதுதான் சமூக வரலாறு. கல்வெட்டுகளும் ஒரு பக்கம் சாய்ந்தவைதான்: ரோம் நகரின் கல்லறைகளில் விடுதலை பெற்ற அடிமைகளின் பெயர்கள் மிக அதிகம், ஏனெனில் புதிதாகக் கிடைத்த குடியுரிமையைக் கல்லில் வெட்டி வைக்க அவர்களுக்குத்தான் ஆசை அதிகம். அவர்களின் எண்ணிக்கையைக் கல்வெட்டுகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தவறிவிடுவோம்.

பிரிட்டனின் வடக்கு எல்லையில் விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரப்பலகைக் கடிதங்களைப் பற்றி ஆலன் போமன் எழுதிய நூலையும் விட்டுவிடாதீர்கள். கி.பி. 100ஐ ஒட்டி ஒரு தளபதியின் மனைவி கிளாடியா செவெரா, தன் தோழி சுல்பிசியா லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுத, கடைசி வரிகளை அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள். அந்தக் கையெழுத்தின் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

குடியரசின் வீழ்ச்சிக்கு ரொனால்ட் சைம் 1939இல் வெளியிட்ட 'ரோமானியப் புரட்சி'யைப் பலர் முதல் நூலாகச் சொல்வார்கள். மகத்தான நூல். ஐரோப்பாவில் சர்வாதிகாரிகள் எழுந்த காலத்தில், அகஸ்டஸின் எழுச்சியை ஒரு கட்சித் தலைவன் ஆட்சியைப் பிடித்த கதையாக, அவரைச் சூழ்ந்த குடும்பங்களின் திருமண உறவுகளையும் பதவிகளையும் துருவி எழுதினார். ஆனால் பக்கத்துக்குப் பத்துப் பெயர் வரும். கான்சல்களின் குடும்பங்கள் பழகாதவர் மூழ்கிவிடுவார். ஓராண்டு கழித்துப் படியுங்கள். படித்து முடித்ததும், அரசியல் சில குடும்பங்களின் கையில் மட்டும் இல்லை, ரோமின் மையப் பொதுவெளியான ஃபோரத்தில் திரண்ட மக்களுக்கும் உண்மையான பங்கு இருந்தது என்று ஃபெர்கஸ் மில்லர் 1998இல் எழுதிய நூலைக் கையில் எடுங்கள்.

மேற்குப் பேரரசின் முடிவுக்கும் ஒரு நூல் போதாது. பீட்டர் பிரௌன் 1971இல் எழுதிய சிறு நூல், வீழ்ச்சி என்ற சொல்லையே ஒதுக்கி, ஒரு புதிய சமயப் பண்பாட்டு உலகம் உருவானதைக் காட்டியது. பிரயன் வார்ட்-பெர்கின்ஸ் 2005இல் அதை மறுத்து எழுதினார்: நல்ல மட்பாண்டங்கள், ஓட்டுக் கூரைகள், சில்லறை நாணயங்கள் எல்லாம் மறைந்தன, கால்நடைகளின் எலும்புகள்கூடச் சிறுத்தன, சாதாரண மனிதனின் வாழ்க்கை வசதி உண்மையிலேயே சரிந்தது என்பது அவர் வாதம். (நான் மேலே சொன்ன எட்ரூரியா ஆய்வை முன்னின்று நடத்திய ஜான் வார்ட்-பெர்கின்ஸ் இவருடைய தந்தை, ஓடு பொறுக்கும் பழக்கம் வீட்டிலேயே கிடைத்திருக்க வேண்டும்.) நான் எலும்புகளின் பக்கம் சற்றுச் சாய்பவன், ஆனால் பிரௌனைப் படிக்காமல் அந்த முடிவுக்கு நீங்கள் வரக்கூடாது.

தமிழ் வாசகரான உங்களுக்கு ஒரு தனி நுழைவாயிலும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பயண நூல்' முசிறியைப் பெயர் சொல்லி விவரிக்கிறது. லயனல் காசன் 1989இல் வெளியிட்ட பதிப்பில் விரிவான உரையும் இருக்கிறது. 1985இல் வெளியிடப்பட்ட, வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸ் என்ற நாணல்தாள் ஆவணம், ஹெர்மபொல்லோன் என்ற ஒரே கப்பலின் சரக்கை, செஸ்டெர்ஸ் என்ற ரோமானிய நாணயக் கணக்கில் ஏறத்தாழ 70 லட்சம் என்று மதிப்பிடுகிறது. ஒரு செனட்டருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சச் சொத்து 10 லட்சம், கி.பி. முதல் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூற்றின் 149ஆம் பாடல், மிளகை (கறி) ஏற்றிச் செல்லும் யவனர் கலத்தைச் சொல்வது அந்தக் கணக்கின் மறுகரை. ஆனால் இந்தத் தலைப்பில் வரும் நூல்களுக்கும் நீரோ சோதனையைச் செய்துவிட்டே வாங்குங்கள். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், உருளைக்கோட்டு வரைவு கொண்ட பானைகளை மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்தவை என்று கருதினார். அவை இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்றும், யவன வணிகம் வருவதற்கு முன்பே அந்த ஊர் இருந்தது என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இன்றும் வீலர் சொன்னதையே அப்படியே எழுதும் நூலாக இருந்தால் அது மற்ற விஷயங்களிலும் பழையதாகவே இருக்கும்.

வாங்கும் வரிசையைச் சொல்கிறேன். மேரி பியர்ட், நிலப்படமுள்ள பாடநூல், டாசிட்டஸின் 'ஆனல்ஸ்', ஷெல்ட்டனின் தொகுப்பு ஆகிய நான்கையும் இப்போதே வாங்குங்கள். அவை ஆறு மாதத்துக்குப் போதும். அதன்பின் கார்ன்சி-சாலர், பிறகு ஹாப்கின்ஸ். லிவி, பொலிபியஸ், ப்ளூட்டார்க் ஆகியோரைத் தேவைப்படும் பகுதிகளாக நூலகத்தில் படிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்ட் செவ்வியல் அகராதியும் கேம்பிரிட்ஜ் பண்டைய வரலாற்றுத் தொகுதிகளும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. ஒரு பெயரோ ஓர் ஆண்டோ இடிக்கும்போது நூலகத்தில் போய்ப் பார்க்க வேண்டியவை.

உங்களிடம் இருக்கும் கிப்பனை விற்றுவிடாதீர்கள். பீட்டர் பிரௌனையும் வார்ட்-பெர்கின்ஸையும் முடித்த பிறகு அதன் முதல் மூன்று இயல்களைப் படியுங்கள். அதன்பின், கிறித்தவம் பரவியதைப் பற்றி அவர் எழுதி அந்நாளில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த 15ஆம் 16ஆம் இயல்களுக்குப் போங்கள்; ஆனால் அவற்றைத் திறப்பதற்கு முந்தைய நாள், இளைய பிளினி பித்தினியா மாகாணத்தின் ஆளுநராக இருந்தபோது, கிறித்தவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனைக் கேட்டு எழுதிய கடிதத்தையும், டிராஜன் சில வரிகளில் அனுப்பிய பதிலையும் படித்துவிடுங்கள். பிளினியின் கடிதத் தொகுப்பின் பத்தாம் பாகத்தில் 96, 97 எண்களில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து மூன்று பக்கம்கூட வராது.